தொலைந்த பொருளைத் தேடித் தரும் ‘டேக்’: எதில் மாட்டலாம், எதில் மாட்டக் கூடாது?

திருப்பூரில் கணவன், மனைவி இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகிற வீடுகளில் சாவிக்கொத்து ஒரு பெரிய பொறுப்பு. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பினால், ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நாளில் வீடு திரும்ப இரவு 9 மணி ஆகிவிடும். இடையில் பள்ளி விட்டு வரும் பிள்ளை பக்கத்து வீட்டில் சாவியை வாங்கிக் கதவைத் திறக்கும். மாமியார் வந்தால் அவர் கைக்குப் போகும். ஒரே சாவி ஒரு நாளில் நான்கு கை மாறுகிறது. காலையில் அது கண்ணில் படாமல் போனால் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த அரை மணி நேரம் சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரியும்.

இப்போது இதற்கென்று ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி வந்திருக்கிறது. சாவிக்கொத்தில் மாட்டலாம், பர்ஸில் போடலாம். செல்போனில் ஒரு பட்டனைத் தொட்டால் அது ‘இங்கே இருக்கிறேன்’ என்று சத்தம் போடும். பொதுவாக ‘டேக்’ என்கிறார்கள். இதைப் பற்றி என்னிடம் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. முதலாவது எல்லார் முன்னாலும் கேட்கப்படுவது: எந்த டேக் நல்லது, நம் ஊரில் வேலை செய்யுமா? இரண்டாவது, தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுவது: இதை மனைவியின் கைப்பையில், மகளின் ஸ்கூட்டரில், அவர்களுக்குத் தெரியாமல் வைக்கலாமா? இரண்டுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக இடம் தேவைப்படுகிறது.

ஊசியைத் தேடும் ஊர்

தொலைந்ததை மெஷின் வைத்துத் தேடுவது திருப்பூருக்குப் புதிதல்ல. ஏற்றுமதி கம்பெனிகளில் தைக்கும்போது ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை அப்படியே நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, ஊசி முழுதாகச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தப் பண்டலைத் தனியாக ஒதுக்கி நீடில் டிடெக்டரில் ஓட்டுவார்கள். துணி உள்ளே போகும்போது காந்தப் புலத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து, 1.2 மில்லிமீட்டர் அளவு இரும்பு இருந்தாலே அது நின்றுவிடும். கடல் தாண்டி எங்கோ ஒரு குழந்தையின் உடம்பில் அந்தத் துண்டு குத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும்.

பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சில வெளிநாட்டு பையர்கள் ஆர்எஃப்ஐடி லேபிள் வைக்கச் சொல்வார்கள். ஸ்டிக்கருக்குள் மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு சிப்பும் இருக்கும், பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலை பட்டால்தான் அது பதில் சொல்லும், அதுவும் சில மீட்டர் தூரத்துக்குள். அட்டைப் பெட்டியைத் திறக்காமலே உள்ளே எத்தனை பீஸ் என்று எண்ண அது போதும். வீட்டில் சாவி தேட அது உதவாது, ஏனென்றால் அந்த ரீடரை வாங்கும் காசுக்குப் பல பூட்டு வாங்கிவிடலாம்.

வீட்டுக்கென்று முதலில் வந்தவை விசில் அடித்தால் பீப் அடிக்கும் கீ செயின்கள். 1980களில் வெளிநாடுகளில் பரவின, பிறகு நம் ஊர் பேன்சி கடைகளிலும் தொங்கின. விசிலுக்கு மட்டுமல்ல, குழந்தை சிரித்தாலும் டி.வி.யில் யாராவது கத்தினாலும் அடிக்கும். இரண்டு வாரத்தில் பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் கீ செயினாக வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

தேடுவது டேக் அல்ல

இன்றைய டேக்கைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம், அதற்குள் ஜி.பி.எஸ். இருக்கிறது என்பது. சாதாரணமாக விற்கும் டேக்குகளில் ஜி.பி.எஸ்.ஸும் இல்லை, சிம் கார்டும் இல்லை. மாதக் கட்டணம் வாங்கும் வண்டி டிராக்கர் வேறு. டேக் செய்வதெல்லாம், புளூடூத் வழியாகச் சில நொடிகளுக்கு ஒரு முறை தன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான்.

வீட்டுக்குள் என்றால் நம் போனே அதைக் கேட்டுவிடும். சுமார் 10 மீட்டர் தூரம், நடுவில் கான்கிரீட் சுவர் இருந்தால் அதைவிடக் குறைவு. போனில் தொட்டால் சத்தம் வரும். விலை கூடிய சில டேக்குகளும் போன்களும் இருந்தால் திரையில் அம்புக்குறி போட்டு இந்தப் பக்கம் இத்தனை அடி என்றும் காட்டும். அரிசி டிரம்முக்குப் பின்னால், மடித்து வைத்த போர்வைக்குள் கிடந்தால் சத்தம் மந்தமாகத்தான் கேட்கும். ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வெளியே தொலைந்தால் கதை வேறு. காதர்பேட்டையில் துணி பார்த்துக்கொண்டிருக்கும்போது பர்ஸ் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியாக நடக்கும் யாரோ ஒருவரின் போன் டேக்கின் குரலைக் கேட்கும். தான் இருக்கும் இடத்தைப் பூட்டுப் போட்ட செய்தியாக கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி பர்ஸின் சொந்தக்காரர் போனில் மட்டுமே இருக்கும். நடந்து போனவருக்குத் தன் போன் இப்படி ஒரு வேலை செய்ததே தெரியாது. ஆக, தேடித் தருவது டேக் அல்ல, முகம் தெரியாத வழிப்போக்கர்கள்தான்.

அவர்களுடைய போனை அவர்கள் அனுமதியில்லாமல் பயன்படுத்துவது ஆகாதா என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பிறர் வீட்டுச் சுவரில் சேதமில்லாமல் சாய்ந்து நிற்பதற்கும், பிறர் ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தில் தன் வேலையைப் பார்ப்பதற்கும் தனி அனுமதி தேவையில்லை என்று ஃபிக்ஹு நூல்களில் பேசப்பட்டிருக்கிறது. செலவாகும் டேட்டாவும் பேட்டரியும் மிகச் சொற்பம் என்பதாலும், விரும்பாதவர் போன் செட்டிங்கில் இதை நிறுத்திவிட முடியும் என்பதாலும் இதை அந்த வகையில் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தப் பின்னணி தெரிந்தால் எதை வாங்குவது என்பது எளிது. நம் பகுதியில் எந்தப் போன்கள் அதிகம் நடமாடுகின்றன என்று பாருங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் 2021 ஏப்ரலில் வந்தது. இந்தியாவில் அப்போது விலை 3,190 ரூபாய். அதை இயக்க ஐபோன் வேண்டும், அதைத் தேடித் தருவதும் மற்றவர்களின் ஆப்பிள் கருவிகள்தான். சாம்சங் டேக், சாம்சங் கேலக்ஸி போன் வைத்திருப்பவருக்கு மட்டும். நம் ஊரில் பெரும்பாலான கைகளில் இருப்பது ஆண்ட்ராய்டு. அதற்கான கூகுளின் வலைப்பின்னல் 2024 ஏப்ரலில்தான் தொடங்கியது, இப்போது ‘ஃபைண்ட் ஹப்’ என்ற பெயரில் இருக்கிறது. ஜியோ நிறுவனம் 2023இல் 749 ரூபாய்க்கு ஜியோடேக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் வலைப்பின்னலில் ஓடும் ஜியோடேக் ஏர், கூகுள் வலைப்பின்னலில் ஓடும் ஜியோடேக் கோ இரண்டையும் இறக்கியது. பெட்டியின் மேல் எந்த வலைப்பின்னல் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லாத டேக்குகளில் பல எந்த வலைப்பின்னலிலும் சேராதவை. வீட்டுக்குள் சாவி தேட அவை போதும், வாசலைத் தாண்டினால் ஊமை. அவற்றின் ஆப் காண்டாக்ட், கேமரா எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். சாவி தேட உங்கள் மாமாவின் போன் நம்பர் எதற்கு?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுள் வலைப்பின்னல், தனிமனித ரகசியம் கருதி, ஒரே இடத்தில் பல போன்கள் ஒரு டேக்கைக் கண்டால்தான் இடத்தைக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் அது விரைவில் நடந்துவிடும். மங்கலம் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சந்தில் இரவு 11 மணிக்கு நடக்காது. செட்டிங்கில் ‘எல்லா இடங்களிலும்’ என்று மாற்றி வைத்தால் கொஞ்சம் உதவும். வரைபடத்தில் புள்ளி தெரிந்தவுடன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடாமல், பக்கத்தில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். அது கடைசியாகப் பார்க்கப்பட்ட இடம், இப்போது இருக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை.

கண்டெடுத்தவர் என்ன செய்ய வேண்டும்?

வழிப்போக்கர்களின் போன் இடத்தைச் சொல்லிவிடும். குனிந்து பர்ஸை எடுப்பது மனிதரின் கை. அந்தக் கைக்கான சட்டத்தைத்தான் ஃபிக்ஹு நூல்கள் ‘லுகதா’ என்ற பாடத்தில் விரிவாகச் சொல்கின்றன.

ஸைத் பின் காலித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கண்டெடுத்த பொருளைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அது இருந்த பையையும் பையைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு, ஓர் ஆண்டு அறிவிப்புச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். வழிதவறிய ஆட்டைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு பதில். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டபோதோ முகம் சிவந்துவிட்டது. அதற்குக் கால் இருக்கிறது, வயிற்றில் தண்ணீர் இருக்கிறது, அதன் சொந்தக்காரர் வரும்வரை அது தானாகப் பிழைத்துக்கொள்ளும், உனக்கு அதில் என்ன வேலை என்ற கருத்தில் பதிலளித்தார்கள். உபை பின் கஅப் (ரலி) 100 தீனார் இருந்த பையைக் கண்டெடுத்தபோது ஓர் ஆண்டு அறிவித்துவிட்டு வந்தார், மறுபடியும் அறிவிக்கச் சொல்லி அனுப்பப்பட்டார்.

ஓர் ஆண்டு தேடியும் ஆள் வரவில்லை என்றால் ஷாஃபிஈ மத்ஹபில் கண்டெடுத்தவர் அதைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். ஹனஃபி மத்ஹபில் அவர் ஏழையாக இருந்தால் பயன்படுத்தலாம், வசதியுள்ளவர் தர்மம் செய்துவிட வேண்டும். இரண்டிலும், பிறகு உரியவர் வந்து கேட்டால் பொறுப்பு உண்டு. அற்பமான பொருளுக்கு இத்தனை நாள் தேவையில்லை. வழியில் கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தைப் பார்த்து, ஸதகாப் பொருளாக இருந்துவிடுமோ என்ற அச்சம் இல்லாவிட்டால் சாப்பிட்டிருப்பேன் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கூறியதும் ஹதீஸில் இருக்கிறது.

டேக் மாட்டிய பர்ஸ் கிடைத்தால்? ஏர்டேக் போன்றவற்றில் சொந்தக்காரர் ‘தொலைந்துவிட்டது’ என்று பதிந்து தன் நம்பரையும் கொடுத்திருந்தால், கண்டெடுத்தவர் என்.எஃப்.சி. வசதியுள்ள போனை அதன் மேல் வைத்தாலே, ஆண்ட்ராய்டாக இருந்தாலும், அந்த நம்பர் திரையில் வரும். உரியவரை அறியும் வழி கையிலேயே இருக்கும்போது அது ஓர் ஆண்டு அறிவித்துக் காத்திருக்கும் லுகதா ஆகாது, இன்றே ஒப்படைக்க வேண்டிய அமானிதம் என்பதே என் கருத்து. சத்தம் போடுகிறதே என்று பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பர்ஸை வைத்துக்கொள்பவர் கண்டெடுத்தவர் அல்ல, எடுத்தவர். உரிமை கோரி இருவர் வந்தால் பையையும் கயிற்றையும் பற்றிக் கேட்பதுபோல, உங்கள் போனிலிருந்து இதை ஒலிக்கச் செய்யுங்கள் என்று கேட்கலாம். யார் போனுக்கு அது பதில் சொல்கிறதோ அவர் பக்கம் அடையாளம் வலுவாக இருக்கிறது.

மஹல்லாக்களில் பள்ளிவாசல் மைக்கில் அறிவிக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைத்த பொருளைப் பள்ளிவாசலுக்குள் சத்தமாக விசாரித்துத் தேடுவதை முஸ்லிமில் உள்ள ஹதீஸ் கண்டிக்கிறது. பள்ளிவாசல்கள் அதற்காகக் கட்டப்படவில்லை என்பது காரணம். வாசலுக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் எழுதுவதும், மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதற்குப் பொருத்தமான இடம். குழுவில் போடும்போது பொருளின் எல்லா அடையாளத்தையும் போட்டோ எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கேட்டு வருபவர் சொல்வதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பொருளோடு சேர்ந்து தொலைவது

சாவி தொலைந்தால் நேரம் போகிறது. நகை தொலைந்தால் அதோடு ஒருவருடைய மானமும் போகிறது. அரைப் பவுன் தோட்டைக் காணோம் என்றதும் முதலில் யார் நினைவுக்கு வருகிறார்கள்? வீட்டுவேலைக்கு வரும் பெண். மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா பையன்கள். சில வீடுகளில் மருமகள். பத்து நாள் கழித்துத் தோடு மெத்தை உறைக்குள் கிடைக்கும். அதற்குள் வேலைக்காரப் பெண் நின்றிருப்பார், அந்தப் பையன்கள் அறையைக் காலி செய்திருப்பார்கள். தோடு கிடைத்துவிட்டது என்று அவர்களைத் தேடிப் போய்ச் சொன்னவர் எத்தனை பேர்?

இதில் இன்னொரு கொடுமை, மை போட்டுப் பார்ப்பதும் பால் கிதாபு பார்ப்பதும். வெற்றிலையில் மை தடவி, ‘மாநிறம், பெயரில் இன்ன எழுத்து’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குப் பொருந்தும் ஆள் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். தொலைந்த பொருள், திருட்டுப் பொருள் இருக்கும் இடம் தெரியும் என்று சொல்பவனைத்தான் அரபியில் ‘அர்ராஃப்’ என்கிறார்கள். அவனிடம் போய்க் கேட்பவரின் 40 நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. டேக் காட்டும் புள்ளி இந்த வகையில் சேராது. அது மறைவான ஞானம் அல்ல, ரேடியோ அலை.

பொருள் தொலைவது நபி (ஸல்) அவர்களின் குடும்பத்திலும் நடந்திருக்கிறது. ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தது. அக்கா அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கியது என்று ஓர் அறிவிப்பில் வருகிறது. அதைத் தேடுவதற்காக மொத்தப் படையும் தண்ணீர் இல்லாத இடத்தில் நின்றது. தந்தை அபூபக்கர் (ரலி) வந்து மகளைக் கடிந்துகொண்டு இடுப்பில் குத்தினார்கள். தம் மடியில் நபி (ஸல்) அவர்கள் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்ததால் ஆயிஷா (ரலி) அசையவில்லை. தயம்மும் பற்றிய வசனம் அங்கே அருளப்பட்டது. கடைசியில் ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதற்கு அடியில் கிடந்தது. ஒரு பெண்ணின் இரவல் நகைக்காக அத்தனை பேரை நிறுத்தித் தேடினார்கள், யார்மீதும் பழி விழவில்லை.

தேடியும் கிடைக்காமல் போனதும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் முத்திரை மோதிரம் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடி, கிணற்றுத் தண்ணீரை இறைத்தும் பார்த்தார்கள். கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

நகைப்பெட்டிக்குள்ளும், முக்கியப் பத்திரங்கள் இருக்கும் ஃபைலுக்குள்ளும் ஒரு டேக் போட்டு வைப்பதை நான் ஆதரிப்பது இதனால்தான். தோட்டுக்கே டேக் மாட்ட முடியாதுதான். ஆனால் பெட்டி எங்கே என்பது தெரிந்துவிட்டால் பாதிச் சந்தேகம் எழாமலே போகும்.

குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே வசனத்தில் அடுத்தபடியாக, துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. பிறகு புறம் பேசுவதை. வரிசையைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் அடுத்து உளவு, உளவு பார்த்துக் கிடைத்ததைப் பற்றி அடுத்து பேச்சு. சாவிக்கொத்தில் மாட்டினால் முதல் படியிலிருந்தே நம்மைக் காப்பாற்றும் அதே டேக், மனைவியின் பையில் ஒளித்து வைத்தால் இரண்டாம் படிக்குத் தூக்கிக்கொண்டு போகிறது.

‘என் மனைவிதானே, என் பொறுப்புதானே’ என்று சொல்கிறார்கள். பயணத்திலிருந்து திரும்புகிறவர் வீட்டாரின் துரோகத்தைக் கண்டுபிடிக்கவோ தவறுகளைத் தேடவோ நள்ளிரவில் திடீரென்று வந்து நிற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. சொந்த வீடு, சொந்த மனைவி, அந்த ஓர் இரவுக்கே தடை என்றால், பையில் 24 மணி நேரமும் ஒரு கண்ணை வைத்துவிட்டு வருவதற்கு என்ன பெயர்? ரகசியமாக வைப்பது கூடாது என்பதே என் பதில். கணவனுக்கு மனைவி வைத்தாலும் அப்படித்தான்.

அறிந்து, சம்மதித்துச் செய்வது வேறு. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் வரும் பெண், தான் எங்கே இருக்கிறேன் என்பதைப் போனில் வீட்டாருக்குக் காட்டும்படி தானே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சின்னப் பிள்ளையின் பள்ளிப் பையில் வைப்பதும், மறதி நோயுள்ள பெரியவரின் சட்டைப் பையில் வீட்டார் எல்லாருக்கும் தெரிய வைப்பதும் அப்படியே. ஆனால் இது மனிதர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல, பொருளுக்காக என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. கூட்டமில்லாத இடத்துக்குப் பெரியவர் நடந்து போய்விட்டால் டேக் ஊமையாகிவிடும். அவர் சட்டையில் வீட்டு நம்பரைத் துணியில் எழுதித் தைத்து வைப்பதையும் விடாதீர்கள். நம் ஊரில் தைக்க ஆளா இல்லை?

திருமணமாகாத மகள் விஷயத்தில் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒளித்து வைத்த டேக் ஒளிந்தே இருக்காது. இந்தக் கருவிகள் வந்த ஓராண்டிலேயே முன்னாள் துணைவர்களைப் பின்தொடர ஏர்டேக்கைப் பயன்படுத்துவது பெரிய பிரச்சினையானது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இரண்டு பெண்கள் ஆப்பிள் மீது வழக்கே போட்டார்கள். 2023 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஒரு பொது விதிமுறையை முன்வைத்தன, 2024 மே முதல் அது போன்களில் வந்தது. அதன்படி, வேறு யாருடைய டேக்கோ உங்களோடு தொடர்ந்து வந்தால் ஐஓஎஸ் 17.5 போனிலும், ஆண்ட்ராய்டு 6 முதலான போன்களிலும் எச்சரிக்கை வரும். சொந்தக்காரரைப் பிரிந்த ஏர்டேக் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தானே சத்தமும் போடும். அப்படி ஒரு நாள் மகளின் போனில் ‘உங்களை ஒரு டேக் பின்தொடர்கிறது’ என்று வந்து, தேடிப் பார்த்தால் அது அத்தாவுடையது என்று தெரிந்தால், அதன்பிறகு அந்த மகள் எந்தக் கஷ்டத்தை அத்தாவிடம் வந்து சொல்வாள்?

வெளியார் வைத்தால் சட்டமும் வரும். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. உங்கள் போனில் அந்த எச்சரிக்கை வந்தால் பயப்படாதீர்கள். போனிலிருந்தே அதை ஒலிக்கச் செய்து, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிடைத்ததும் அதன் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். உடனே தூக்கி எறிந்தால் யாருடையது என்ற தடயமும் போய்விடும். மிரட்டல் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே காவல் நிலையத்துக்குப் போவது நல்லது.

போன் தொலைந்தால்

சாவியைத் தேடித் தரும் போனே தொலைந்தால் வழி தனி. *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றே வீட்டில் எங்காவது எழுதி வையுங்கள். போன் போன பிறகு இதை அழுத்த முடியாது. தொலைந்தால் காவல்துறையில் புகார், அதே நம்பருக்கு மாற்று சிம், பிறகு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து போனை முடக்கலாம். 2023 மே மாதம் தொடங்கிய இந்த வசதிக்குக் கட்டணம் இல்லை. முடக்கிய போனில் யாராவது வேறு சிம் போட்டால் காவல்துறைக்குத் தகவல் போகும். போன் கிடைத்துவிட்டால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். இந்த ஆப்பை எல்லாப் புதுப் போன்களிலும் கட்டாயமாக ஏற்றியே விற்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டபோது, கண்காணிப்பாகிவிடுமே என்று எதிர்ப்பு எழுந்து, 2025 டிசம்பரில் அந்தக் கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. தேடுவதற்கும் வேவு பார்ப்பதற்கும் நடுவில் உள்ள கோடு வீட்டில் மட்டும் இல்லை.

செகண்ட்ஸ் போன் வாங்குகிறவர்களும் இதே தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருளைக் குறைந்த விலைக்கு வாங்குவது வியாபாரத் திறமை ஆகாது.

உம்ரா பையும் பட்டன் பேட்டரியும்

உம்ரா, ஹஜ் பயணிகளுக்கு டேக் நிச்சயம் பயன்படும். டிராவல்ஸ்காரர்கள் குழுவுக்கே ஒரே நிறத்தில் பை கொடுப்பதால் ஹோட்டல் வரவேற்பறையில் 50 பையும் ஒன்றுபோல் நிற்கும். விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குள் டேக் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பெட்டிக்குள் வைக்கும் டேக்கின் பேட்டரியில் லித்தியம் 0.3 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான டேக்குகளில் உள்ள சிஆர் 2032 பேட்டரியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லுஃப்தான்ஸா விமான நிறுவனம் கூடாது என்று சொல்லிப் பிறகு சில நாட்களில் அனுமதித்தது. குழந்தைகளும் வயதானவர்களும் ஹரமில் கூட்டத்தில் பிரிந்துவிடும் அச்சத்துக்கும் டேக்கை நம்புகிறார்கள். அங்கே டேக்கைவிட, கழுத்து அட்டையில் ஹோட்டல் பெயரும் குழுத் தலைவரின் நம்பரும் இருப்பது வேகமாக வேலை செய்யும்.

கடைசியாக, தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. அந்தச் சின்னப் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். வெளியே வந்துவிடும் என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழைத்தோ, கிடைத்த வண்டியிலோ உடனே மருத்துவமனைக்குப் போய், விழுங்கியது பட்டன் பேட்டரி என்று முதலிலேயே சொல்லுங்கள். சில பேட்டரிகளில் குழந்தை துப்பிவிடட்டும் என்று கசப்புப் பூச்சு பூசி வருகிறது. அந்தப் பூச்சால் சில டேக்குகள் வேலை செய்யாமல் போகலாம். அப்போது குற்றம் டேக்கில் இல்லை. ஓராண்டுக்கு ஒரு முறை பேட்டரி மாற்றும்போது பழையதை ஒரு டேப்பில் சுற்றி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் போடுங்கள்.

உபயோகித்த பையையோ டேக்கையோ யாருக்காவது கொடுக்கும்போது உங்கள் போன் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டுக் கொடுங்கள். நீக்காவிட்டால் வாங்கியவரால் அதைத் தன் பெயரில் பதிய முடியாது. அவர் எங்கெல்லாம் போகிறார் என்பதும் உங்கள் போனில் வந்துகொண்டே இருக்கும்.